கரண்டா, விறகா? வீட்டுல யாரும் கேக்காத கேள்வி

இன்னைக்கு எபிசோட் தலைப்பைப் பார்த்ததுமே "ஐயோ, வாயைக் கழுவு"ன்னு உங்க வீட்டுல யாராவது சொல்லியிருப்பாங்க. பரவாயில்ல, ஹெட்ஃபோன் போட்டுக்கோங்க.

ஒரு வீட்டுல சாவு விழுந்தா, முதல் ஒரு மணி நேரத்துலயே ஃப்ரீசர் பாக்ஸ் வந்துடும். அடுத்து பெரியப்பாவோ பக்கத்து வீட்டு மாமாவோ ஒரு கேள்வி கேப்பாங்க: "கரண்டா, விறகா?" அழுதுட்டிருக்கிற நேரத்துல பதில் சொல்ல வேண்டியது பெரும்பாலும் நம்ம வயசு ஆள்தான். அதனால ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம்.

முதல்ல விறகு. வரட்டியும் கட்டையும் அடுக்கி, கொள்ளி வைக்கிறது. ஒரு உடலுக்குச் சில நூறு கிலோ விறகு வேணும், முழுசா எரிய பல மணி நேரம் ஆகும். அதனாலதான் மறுநாள் போய்ப் பால் தெளிச்சு அஸ்தி எடுக்கிறோம்.

அடுத்தது, நாம "கரண்ட்"னு சொல்றது. பேர்தான் கரண்ட். தமிழ்நாட்டு ஊர்கள்ல இருக்கிற பல நவீன மயானங்கள் எரிவாயு தகன மேடைகள். சில இடத்துல எல்பிஜி, சில இடத்துல விறகை மூடின கலன்ல சூடாக்கி வர்ற வாயு. உண்மையான மின்சார மேடையும் உண்டு. எதுவா இருந்தாலும் பொதுவா ஒண்ணு, ஒண்ணரை மணி நேரத்துல முடிஞ்சுடும். அன்னைக்கே அஸ்தி வாங்கிக்கலாம்.

இங்கதான் குடும்பத்துல சண்டை வரும். "மறுநாள் பால் தெளிக்கிறது என்னாகும்? கொள்ளி எப்படி வைக்கிறது?" பல மயானங்கள்ல, உடலை உள்ளே தள்ளுறதுக்கு முன்னாடி நெஞ்சு மேல கற்பூரம் ஏத்தி கொள்ளி வைக்க விடுறாங்க. பால் தெளிக்கிறதை அஸ்தி வாங்கும்போது செய்யறாங்க. சடங்கு போகலை, நேரம்தான் மாறுது. இதைச் சொன்னாலே பாதி சண்டை அடங்கிடும்.

அடுத்து, பொண்ணுங்க மயானத்துக்கு வரலாமா? தடுக்கிற சட்டம் எதுவும் இல்ல. சென்னை கீழ்ப்பாக்கம் வேலங்காடு மயானத்தை 2014-லேருந்து பெண்களே நிர்வாகம் பண்ணியிருக்காங்க. அம்மாவுக்கு மக கொள்ளி வைக்கணும்னு ஆசைப்பட்டா, அது அந்த வீடு எடுக்க வேண்டிய முடிவு.

சில முக்கியமான விஷயங்கள். பேஸ்மேக்கர் வச்சிருந்தவங்கன்னா மருத்துவமனையிலயே சொல்லி எடுத்துடணும், சூட்டுல பேட்டரி வெடிக்கும். வீட்டுல இறந்தா, டாக்டரை வரவச்சு இறப்புக் காரணச் சான்று வாங்குங்க, மயானத்துல கேப்பாங்க. விபத்துன்னா போலீஸ் நடைமுறை முடியாம தகனம் கிடையாது. இறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிடுங்க. பேங்க், இன்ஷூரன்ஸ், பென்ஷன் எல்லாத்துக்கும் அந்தச் சான்றிதழ்தான் சாவி.

கண் தானம் பண்ணணும்னா 6 மணி நேரத்துக்குள்ள கண்ணை எடுத்தாகணும், அதனால உடனே கண் வங்கிக்குச் சொல்லணும். அதுக்கப்புறம் தகனம் வழக்கம்போல நடக்கும், முகம் கெட்டுப்போகாது. முழு உடலையும் தானம் பண்ணணும்னா மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில முன்னாடியே எழுதி வைக்கலாம். ஆனா போஸ்ட்மார்ட்டம் ஆன உடலை வாங்க மாட்டாங்க. அதனால மாற்று ஏற்பாடும் வீட்டுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இதையெல்லாம் எப்படிப் பேச்சை ஆரம்பிக்கிறது? "நீங்க செத்தா என்ன பண்றது"ன்னு கேக்காதீங்க. அடுத்த தடவை ஒரு துக்க வீட்டுக்குப் போய்ட்டு வரும்போது, ஆட்டோலயே கேளுங்க: "அம்மா, தாத்தாவுக்கு விறகுலதானே வச்சாங்க? உனக்கு எது பிடிக்கும்?" பெரியவங்க நாம நினைக்கிறதைவிடத் தெளிவா பதில் சொல்லுவாங்க. அதை ஒரு பேப்பர்ல எழுதி, ரேஷன் கார்டு இருக்கிற ஃபைல்ல வச்சிடுங்க. கூடப்பிறந்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க.

அன்னைக்கு பத்து பேர் பத்து விதமா பேசும்போது, "அம்மா இப்படித்தான் கேட்டாங்க"ன்னு நீங்க சொன்னா, அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க.

அடுத்த வாரம் பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்கோங்க.