கள்ளுக்கடை வாசலில் நின்றவர்கள்

(கெலுகோர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மதுவின் தீமையைப் பற்றி உபதேசம் செய்ய நாங்கள் வரவில்லை. சம்பள நாள் இரவில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்த நம் தாய்மார்களுக்கு அந்த உபதேசத்தை யார் செய்ய முடியும்? மதுவிலக்குக் காலத்தைப் பற்றி ஒரு கண்காட்சி வைப்பதென்றால் அதை யார் வைப்பது, யார் காசில் வைப்பது, ஊர்க் கடைக்காரர்கள் அதில் எந்த வகையில் சேர்வது என்பதே இன்றைய பேச்சு. சின்ன விஷயம்போல் தோன்றும். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மதுவிலக்குக் கண்காட்சி என்றால் உலகத்தில் முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்கா. அந்த நாட்டில் 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை மது காய்ச்சுவதும் விற்பதும் கொண்டுபோவதும் குற்றம். அரசியல் சட்டத்திலேயே பதினெட்டாவது திருத்தமாக அதை எழுதி வைத்தார்கள். பதின்மூன்று வருஷம் கழித்து இருபத்தோராவது திருத்தத்தால் அழித்தார்கள். அந்தக் கதையை 2012இல் பிலடெல்பியா நகரத்து அரசியலமைப்பு நிலையம் பெரிய கண்காட்சியாக வைத்தது. பிறகு அது ஊர் ஊராகச் சென்றது. 2017இல் சவானா என்ற ஊரில் மதுவிலக்குக்கென்றே தனி அருங்காட்சியகம் திறந்தார்கள். அதை நடத்துவது சர்க்கார் அல்ல. சுற்றுலாப் பயணிகளை வண்டியில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டும் ஒரு நிறுவனம். வண்டியும் அவர்களுடையது, அருங்காட்சியகமும் அவர்களுடையது. உள்ளே அந்தக் காலத்துத் திருட்டு மதுக்கடை மாதிரி ஒன்றைக் கட்டி, இந்தக் காலத்து மதுவைக் காசுக்கு ஊற்றுகிறார்கள். லாஸ் வேகாஸில் கொள்ளைக் கூட்டங்களைப் பற்றிய அருங்காட்சியகம் 2012இல் திறந்தது. 2018இல் அதன் நிலவறையில் மதுக்கூடம் வைத்து, சாராயம் காய்ச்சும் சாலையும் வைத்துவிட்டார்கள்!

அவர்களைக் குறை கூற நமக்கு வழக்கில்லை. அது அவர்கள் ஊர், அவர்கள் வியாபாரம். கண்காட்சிக்குக் கூட்டம் வேண்டும், கடைக்கு வாடிக்கை வேண்டும், இருவரும் கைகோத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். மதுக்கூடம் பங்காளியாக வந்து உட்கார்ந்ததும் கதையின் நாயகனும் மாறிவிடுகிறான். குடிகாரப் புருஷனால் நொந்து 1874இலேயே சங்கம் கூட்டிய பெண்கள் சுவரில் ஒரு படமாகிவிடுகிறார்கள். கோடரி எடுத்து மதுக்கடையை உடைத்த கேரி நேஷன் அம்மையார் வேடிக்கைப் பொருளாகிவிடுகிறார். தொப்பி வைத்த கள்ளச்சாராய வியாபாரியோ வீரனாகி நடுக்கூடத்தில் நிற்கிறான்.

நிற்க. இந்த மாதிரிக் கண்காட்சியை நம் பினாங்குக்கும் யாராவது இறக்குமதி செய்யலாம். சுற்றுலா ஊர், ஓட்டல்களுக்குக் குறைவில்லை, பழைய கட்டடம் ஒன்றில் மங்கலான விளக்குப் போட்டு, கதவில் ரகசியத் துளை வைத்தால் போதும். நாங்கள் அஞ்சுவது அதற்குத்தான். ஏனென்றால் நம் கதை அமெரிக்கக் கதைக்கு நேர் எதிரானது. அமெரிக்காவில் திருட்டுத்தனமாக மதுக்கடை திறந்தவனைப் போலீஸ் பிடித்தது. இங்கே மதுக்கடையை மூடு என்றவனைப் போலீஸ் பிடித்தது.

இளைஞர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். கொஞ்சம் விரித்துச் சொல்லுகிறோம்.

நாம் நிற்கும் இந்தக் கெலுகோரே ஒரு காலத்தில் தோட்டம். டேவிட் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஜாதிக்காயும் மிளகும் போட்டவர். டவுனில் இருக்கும் பாடாங் பிரவுன் திடல் அந்தக் குடும்பத்தின் பெயர்தான். அந்தக் காலத்துப் பினாங்கு சர்க்காருக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? அபினி, சாராயம், கள் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டு வந்தது. ரோடு போட்டதும் அந்தக் காசு, கச்சேரி கட்டியதும் அந்தக் காசு. குடிப்பவனை ஏசிக்கொண்டே அவன் குடியிலிருந்து ஆட்சி நடத்திய வித்தை அப்போதே தொடங்கிவிட்டது.

பிறகு ரப்பர் வந்தது. தோட்டந்தோறும் லயம் வந்தது. லயத்துக்குப் பக்கத்தில் கள்ளுக்கடையும் வந்தது. சர்க்கார் லைசென்ஸ் கொடுக்கும், தோட்ட நிர்வாகம் கடை நடத்தும். ஆதாயத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்பது ஏட்டில் இருந்த ஏற்பாடு. இதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பன் குடித்த காசில் பிள்ளைக்கு நன்மை செய்வார்களாம்! உலக மந்தத்துக்கு முன் பல வட்டாரங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பெரட்டு, பால் எடுத்து நிறுத்துவிட்டு வந்தால் வெயில், சாயங்காலம் போக்கிடம் என்று தோட்டத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. படிப்பகம் இல்லை, பந்தாட்டத் திடல் பல தோட்டங்களில் இல்லை, கள்ளுக்கடை மட்டும் தவறாமல் இருந்தது. ஆள் குடிகாரன் என்று துரைமார் எழுதி வைத்தார்கள். கடையைக் கட்டி வைத்தது யார் என்று எழுத மறந்தார்கள்.

துரைமார் கட்சியையும் சொல்ல வேண்டும். கடையை மூடினால் ஆட்கள் காட்டுக்குள் சம்சு காய்ச்சிக் குடித்துச் சாவார்கள். கள் அதைவிட மேல். அளவாகக் குடித்தால் உடம்புக்குச் சத்து என்றார்கள். முழுப் பொய் அல்ல. பாளையிலிருந்து காலையில் இறக்கியது இனிப்பு, மாலைக்குள் புளித்துப் போதையாகிறது, மறுநாள் காடியாகிறது. சம்சு அப்படியா? தோட்டப்புறத்தில் சம்சு செய்த நாசத்தைப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1980களில் ஊர் ஊராக எடுத்துச் சொன்னது. 2018இல் சிலாங்கூர்ப் பக்கம் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்துப் பலர் மாண்டார்கள். அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளிகள் நிறையப் பேர். தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்தது. ஆகவே கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. மூட வேண்டும் என்று முதலில் சொன்னவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

சொன்னவர்கள் தொழிலாளர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர். எச். நாதன் முன்னின்றார். கோரிக்கைகளைப் பாருங்கள்: கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானத்துக்கு முடிவு, இவற்றோடு ஒன்றாகக் கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது! மானமும் கூலியும் கள்ளும் ஒரே தாளில் எழுதப்பட்டன. பதிலாகப் பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் மாண்டார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

யுத்தம் முடிந்த பிறகு நம் பக்கமே அது எழுந்தது. இதே கெலுகோரில் தொடங்கும் பாலத்தைக் கடந்து வடக்கே போனால் சுங்கைப் பட்டாணி, பீடோங். அங்கே ஹார்வர்டு தோட்டத்தில் 1946இல் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை உருவாயிற்று. இளைஞர்கள் அணிவகுத்தார்கள். கள்ளுக்கடை வாசலில் நின்று மறியல் செய்தார்கள். தெற்குக் கெடாத் தோட்டங்களில் படை பரவியது. 1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் போலீசாருக்கும் தொழிலாளருக்கும் மோதல் மூண்டது. பலர் கைதாகிச் சிறை சென்றார்கள். குடித்துவிட்டு வந்த சொந்தத் தோழனையே படையினர் தண்டித்ததும் உண்டு. அதையும் மறைக்காமல்தான் காட்ட வேண்டும். கண்காட்சி என்றால் மாலை போட்ட படம் மட்டுமல்ல.

ஊரிலிருந்து வந்த காற்றும் இதற்குள் உண்டு. 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. கிராணிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கத்தில் ஏற்றித்தானே ஆக வேண்டும்! பிறகு 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு, 1971இல் தளர்த்தினார்கள், மீண்டும் போட்டார்கள், மீண்டும் எடுத்தார்கள். 2003இலிருந்து சில்லறை மதுக்கடையைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் நிறுவனமே நடத்துகிறது. பினாங்குக் குத்தகைக்காரன் சிரிப்பான்.

சரி, இப்போது கடைவீதிப் பெரியோர்களுக்கு வருகிறோம்.

எங்கள் விருப்பம் இதுதான்: தோட்டத்துக் கள்ளுக்கடையையும் அதன் வாசலில் நின்ற மறியலையும் பற்றி ஒரு கண்காட்சி, இந்த ஊரில், நம் முயற்சியில் வர வேண்டும். இடத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த மிண்டன் முகாமில் இன்று பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குள் துவாங்கு பவுசியா அருங்காட்சியகமும் இருக்கிறது. கதவைத் தட்டிக் கேட்போம். அவர்கள் இடம் தரவில்லையென்றால் ஒரு பள்ளி மண்டபம் போதும். ஆனால் அருங்காட்சியகத்தின் கதவைத் தட்டுவதற்கு முன், ஊர் நம் பின்னால் நிற்கிறது என்று காட்ட வேண்டும். வெறுங்கையோடு போகிறவனுக்கு நாற்காலி போடமாட்டார்கள்.

அதற்குத்தான் வணிகர்களின் துணை. பெரிய தொகை கேட்கவில்லை. அச்சுக்கூடம் வைத்திருப்பவர் துண்டுப் பிரசுரம் அடித்துக் கொடுக்கட்டும். மளிகைக் கடைக்காரர் அதைச் சாமான் பையில் ஒன்று போட்டுக் கொடுக்கட்டும். லெபோ பாசார்க் கடைகளில் பாட்டுக்குக் குறைவில்லை. பாட்டுக்கு நடுவே ஓர் அறிவிப்புச் செய்தால் யாருக்கு நஷ்டம்? முடிதிருத்தும் நிலையத்தில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சுவரொட்டி ஒட்டினால், உட்கார்ந்தவன் அரைமணி நேரம் அதைத்தான் பார்த்தாக வேண்டும்! வேன் வைத்திருப்பவர்கள் கெடாத் தோட்டங்களிலிருந்து முதியவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வரட்டும். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் அவர்களுக்குச் சோறு போடட்டும். கண்காட்சிக்கு வரும் கூட்டம் மறுநாள் அந்தக் கடைக்கே போகும். வியாபாரம் பெருகுவதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. பெருக வேண்டும்.

ஒன்றில் மட்டும் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். மது விற்கும் கம்பெனியின் காசு, மதுக்கூடத்தின் காசு வேண்டாம். காசு காசுதானே, நல்ல காரியத்துக்கு வாங்கினால் என்ன என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். கள்ளுக்கடை ஆதாயத்தில் தொழிலாளர் நலன் என்ற பழைய ஏற்பாடும் இதே நியாயத்தைத்தான் பேசியது. மறுபடியும் அதே வாசலில் போய் நாம் கைநீட்ட வேண்டுமா?

என்ன வைப்பது என்று கேட்பீர்கள். பொருள் உங்களிடம்தான் இருக்கிறது. கிராணிமார் வீட்டுப் பரணில் பழைய செக்ரோல் ஏடு கிடக்கும். சம்பள நாளுக்கு மறுநாள் எத்தனை பெயருக்கு நேரே வராத புள்ளி விழுந்தது என்று பாருங்கள். அந்த ஒரு பக்கம் ஆயிரம் பிரசங்கத்துக்குச் சமம். கள் இறக்கியவரின் பாளைக் கத்தி, முட்டி, கடையில் ஊற்றிய குவளை எல்லாம் வேண்டும். கள் இறக்கியவரும் தொழிலாளியே; உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறியவர். அவரை வில்லனாக்க நாங்கள் ஒப்பமாட்டோம். மறியலில் நின்றவரின் படம் இருந்தால் அது தங்கத்துக்குச் சமம். படம் இல்லாதவர்கள் வாயால் சொல்லட்டும், பதிந்துகொள்கிறோம். 1947இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று நூறை நெருங்கும் வயது. அவர்களின் பிள்ளைகளாவது கேட்டதைச் சொல்ல வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பாகிவிட்டன; லயங்கள் இடிந்தன; பால் வெட்டும் இடங்களில் இன்று வங்காளதேசத்துத் தோழரும் இந்தோனேசியத் தோழரும் நிற்கிறார்கள். அவர்களுக்கும் கண்காட்சியில் இடம் உண்டு. மெத்தனாலுக்கு இனம் தெரியாது.

தாய்மார்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஆண்கள் சொல்லும் கதையில் மறியலும் சிறையும் வரும். கடைக்குப் போகுமுன் புருஷன் மடியிலிருந்து காசை எடுத்து அரிசிப் பானையில் ஒளித்த கதை வராது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம்.

வாசலில் மேசை போட்டிருக்கிறது. கிராணி ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பொருள் தருவோர் ஒரு பக்கத்திலும், துணை செய்யும் கடைக்காரர்கள் மறுபக்கத்திலும் எழுதிக்கொள்ளலாம். பொருளுக்கு ரசீது உண்டு. கண்காட்சி முடிந்ததும் திரும்ப வீடு வந்து சேரும். காப்பி ஆறுவதற்குள் எழுதிவிட்டுப் போங்கள்.