முதுமைக்குப் பராமரிப்பு: கேட்போம், எழுதி வாங்குவோம், பிறகு கையெழுத்து

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட விஷயம் முதியோர் குடியிருப்பு. "அது வசதியானவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் நினைக்கலாம். மூன்று காரணம் இருக்கிறது.

ஒன்று, கோவைப் பக்கம் வடவள்ளி, தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் இப்படிப்பட்ட குடியிருப்புகள் பல வந்திருக்கின்றன. சமையல், துப்புரவு, முதியோரைப் பார்த்துக்கொள்வது என்று இந்த மாதிரி இடங்களுக்கு வேலைக்குப் போகிற கிராமத்துப் பெண்கள் உண்டு. இரண்டு, பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு போய்விட்ட குடும்பங்கள் நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் பெரியவங்களை அங்கே சேர்க்கலாமா என்று யோசிக்கிறார்கள். மூன்று, அங்கே சேரும்போது கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் மகனுக்கோ மகளுக்கோ நிலத்தை எழுதிக் கொடுக்கும்போதும் நாம் கேட்க வேண்டும்.

முதலில் பராமரிப்பு என்றால் என்ன என்று பிரித்துப் பார்ப்போம். முதுமையில் மூன்று நிலை உண்டு. முதல் நிலையில் அவங்க வேலையை அவங்களே பார்த்துக்கொள்வார்கள். சமைத்த சாப்பாடும், அவசரத்துக்குக் கூப்பிட ஆளும் இருந்தால் போதும். இரண்டாம் நிலையில் குளிக்க, உடுத்த, மாத்திரை எடுத்துக்கொள்ள ஒரு கை உதவி வேண்டும். மூன்றாம் நிலையில் படுக்கையிலேயே எல்லாம். அல்லது மறதி நோய் முற்றி, இரவு பகல் பக்கத்தில் ஆள் வேண்டும். இந்த மூன்று நிலைக்கும் ஒரே வளாகத்தில் ஏற்பாடு செய்திருப்பதைத்தான் தொடர் பராமரிப்புக் குடியிருப்பு என்கிறார்கள்.

ஆனால் முதியோர் குடியிருப்பு என்று போர்டு வைத்த எல்லா இடத்திலும் மூன்று நிலைக்கும் ஏற்பாடு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சில இடங்களில் நடமாடும் வரைதான் இடம். படுக்கையில் விழுந்தால், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள். இதைச் சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது பணம். அது நான்கு வழியாகப் போகிறது. முதலாவது, உள்ளே போகும்போது கட்டுவது. வீட்டை விலைக்கே வாங்கலாம், அல்லது ஒரு பெரிய டெபாசிட் கட்டிக் குடியிருக்கலாம். இரண்டாவது, மாதப் பராமரிப்புக் கட்டணம். காவல், தண்ணீர், துப்புரவு எல்லாம் இதில் வரும். மூன்றாவது, சாப்பாடு. நான்காவது, ஆள் வைத்துப் பார்ப்பதற்கான கட்டணம். விளம்பரத்தில் முதல் தொகையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். குடும்பத்தை அசைத்துப் பார்ப்பது நான்காவது தொகைதான்.

ஒரு கணக்குப் போடுவோம். இன்றைக்கு மாதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறினால், ஒன்பது வருஷத்தில் அது ஏறத்தாழ 40,000 ஆகிவிடும். நிலம் விற்ற 10 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் மாதம் 5,800 ரூபாய்தான் வரும். மீதிக்கு எங்கே போவது? உள்கடன் கொடுக்கும்போது, "தவணை எதிலிருந்து கட்டுவீங்க?" என்று கேட்கிறோமே, அதே கேள்விதான் இது.

இந்த மாதிரிக் குடியிருப்புகளில் அமெரிக்காவுக்குப் பல வருஷ அனுபவம் உண்டு. அங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று விதம். முதல் விதத்தில் நுழையும்போதே பெரிய தொகை கட்டிவிட வேண்டும். பிறகு படுக்கையில் விழுந்தாலும் அதற்காக மாதக் கட்டணம் பெரிதாகக் கூடாது. விலைவாசிக்கான வருடாந்திர உயர்வு மட்டும் இருக்கும். இரண்டாம் விதத்தில் குறிப்பிட்ட நாள் வரை பராமரிப்பு அந்தக் கட்டணத்திலேயே அடங்கும். அதற்கு மேல் தனிக்காசு. மூன்றாம் விதத்தில் நுழைவுத் தொகை குறைவு. ஆனால் பராமரிப்பு தேவைப்படும்போது அன்றைய விலையில் முழுசாகக் கட்ட வேண்டும். இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. உள்ளே போகக் குறைந்த பணம் என்றால், பின்னால் கட்ட வேண்டியது அதிகமாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரிக் காப்பீடு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். 70 வயது முடிந்த எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கி வைத்தது. நல்ல விஷயம், கார்டு வாங்கி வையுங்கள். ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு. தினம் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துணி மாற்றும் ஆளுக்கு அதிலிருந்து சம்பளம் வராது.

ஆகவே ஒரு குடியிருப்பில் சேருமுன், உறவினரோ அடுத்த வீட்டாரோ உங்களிடம் யோசனை கேட்டால், இந்தக் கேள்விகளைக் கையில் கொடுங்கள்:

1. நடக்க முடியாமல் போனால் இங்கேயே பார்ப்பீர்களா, அனுப்பிவிடுவீர்களா?
2. அப்போது மாதம் கூடுதலாக எவ்வளவு? இன்றைய விலைப்பட்டியல் எங்கே?
3. கட்டணத்தை யார் உயர்த்துவது, வருஷத்துக்கு எத்தனை சதவீதத்துக்கு மேல் போகாது?
4. பாதியில் வெளியேறினாலோ, ஒருவர் இறந்துவிட்டாலோ டெபாசிட்டில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும்?
5. கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் மிஞ்சினால் கட்டணம் குறையுமா?
6. இரவில் நர்ஸ் இருக்கிறாரா? பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை கிலோமீட்டர்?
7. வீட்டைக் கட்டியவர் ஒருவர், பராமரிப்பவர் வேறொருவர் என்றால், பராமரிப்பவர் விலகினால் பொறுப்பு யாருடையது?

ஏழாவது கேள்வி சும்மா வைத்ததில்லை. ஓய்வுக்கால வீடுகளுக்காக மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-ல் ஒரு மாதிரி வழிகாட்டி வெளியிட்டது. கட்டியவர், பராமரிப்பவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். வழிகாட்டி என்பதால் அது தானாகச் சட்டம் ஆகிவிடாது. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பதில் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம்மா" என்ற வாய்ப்பேச்சு செல்லாது. குழுவில் பத்து ரூபாய் சந்தா வாங்கினாலும் பாஸ் புத்தகத்தில் ஏற்றுகிறோம். தீர்மான நோட்டில் எழுதாமல் கடன் கொடுப்போமா? லட்சக்கணக்கில் கொடுக்கும்போது மட்டும் எழுத்து வேண்டாமா?

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோருக்கு முதுமை நம் வீட்டில்தான். "வீட்டில் பார்த்தால் செலவில்லை" என்று சொல்வார்கள். அது சரியில்லை. மாமியாரைப் பார்க்க மருமகள் மாதம் 15 நாள் வேலைக்குப் போகவில்லை, ஒரு நாள் கூலி 400 ரூபாய் என்றால், மாதம் 6,000 ரூபாய் போகிறது. அந்தக் காசு யார் கணக்கிலும் ஏறுவதில்லை. அவள் இடுப்பு வலியும் ஏறுவதில்லை. பெரியவங்களைப் பார்ப்பது கடமைதான். ஆனால் ஒருத்தி தலையில் மட்டும் விழக்கூடாது. வெளியூர் பிள்ளை பணமாகத் தரட்டும், உள்ளூர் பிள்ளை நேரமாகத் தரட்டும், மகனும் மகளும் முறை போட்டுப் பார்க்கட்டும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, அதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் 2007-ல் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்க உத்தரவிட அந்தச் சட்டம் வழி செய்தது.

அதே சட்டத்தின் 23-வது பிரிவைக் கவனியுங்கள். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம். ஆனால் நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும், அது இல்லாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாயின் வழக்கில், மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்து சொத்தைத் திருப்பிக் கொடுக்க அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தாயிடம் எழுத்து இருந்தது.

அதனால் செட்டில்மென்ட் எழுதப் போகிற அக்காமார்களே, "பெத்த புள்ளைகிட்ட நிபந்தனையா?" என்று கூச்சப்படாதீர்கள். "என் ஆயுள் வரை சாப்பாடு, வைத்தியம், இருக்க இடம் கொடுத்துக் கவனிக்க வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும்" என்று ஒரு வரி பத்திரத்திலேயே வரட்டும். நல்ல பிள்ளைக்கு அந்த வரி பாரமில்லை. பத்திரம் எழுதுபவரை ஒரு முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிறகு கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள்.

முதியோருக்கு எந்தச் சிக்கல் என்றாலும் யோசனை கேட்க 14567 என்ற இலவச எண் இருக்கிறது. இதைக் குழுவின் தீர்மான நோட்டு அட்டையில் எழுதி வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சந்தா, தவணை முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நம் குழுவில் 60 வயது தாண்டியவர் யார் யார், யாருக்குத் துணை இல்லை, யார் பத்திரம் எழுதப் போகிறார் என்று பேசுங்கள். பத்திர ஆபீசுக்குத் தனியாகப் போகிற அக்காவோடு குழுவில் ஒருத்தி கூடப் போனால் போதும், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.