கப்பல் பேரேட்டில் ஒரு வரி

(ஆவடியில் மாணவர் தோழர்கள் நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டீங்க. நான் கணக்கு பற்றிப் பேசப் போகிறேன். வங்கியில் எழுத்தராக இருப்பவன். பேரேடும் கட்டமும்தான் பிழைப்பு.

போன வருஷம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு பெரியவர், நண்பர் மூலமாக என்னைத் தேடி வந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். கையில் ஒரு தாள். அவருடைய தாத்தாவின் அம்மா 1890களில் கைக்குழந்தையோடு சென்னையில் கப்பலேறியவர். வயது 22. தகப்பன் பெயர் முனியன். இடது புருவத்தில் தழும்பு. ஜில்லா செங்கல்பட்டு, தாலுகா சைதாப்பேட்டை. நம்ம பூந்தமல்லியெல்லாம் அன்றைக்கு அந்தத் தாலுகாதான். அந்த ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

இந்தத் தாளின் கதையைச் சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பனில் நின்றது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். கரும்புத் தோட்டம், ரயில் பாதை, நிலக்கரிச் சுரங்கம். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷக் கூலி மாதம் பத்து ஷில்லிங். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆளுக்கொரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, கிராமம், அங்க அடையாளம் எல்லாம் எழுதினார்கள். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் அந்தப் பட்டியலைக் கணினியில் ஏற்றிவிட்டது. நீங்களும் பார்க்கலாம்.

வெள்ளைக்காரன் பாசத்தால் எழுதவில்லை. மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பது போல்தான் தழும்பு பார்த்தான். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! ஆனாலும் பாருங்கள், ஒரு சேரிப் பெண்ணுக்கு அங்கே தனி எண், தனி வரி இருக்கிறது. இங்கேயே தங்கிவிட்ட அவள் அண்ணன் தம்பிக்கு அப்படி ஒரு வரி எங்கே? பட்டா மிராசுதார் பெயரில். கல்வெட்டு கோயிலுக்கு நிலம் கொடுத்தவன் பெயரில். நம்ம ஆள் உழுதான், நட்டான், செத்தான். எவனும் எழுதவில்லை.

ஊருக்குப் போனோம். பெயரைச் சொல்ல மாட்டேன். பாக்கம் என்று முடியும். நம்ம ஜனம் இன்னும் அங்கே குடியிருக்கிறது. பெரியவரின் குடும்பப் பெயர் பிள்ளை. அவர் வீட்டில் தொகுத்த வம்சாவளியில் எல்லாக் கட்டமும் இருந்தன, சாதிக் கட்டம் மட்டும் இல்லை. ஊர்த் தெருவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். கோயிலுக்குக் கூட்டிப் போறோம் என்றார்கள்.

நான் வெளியே வந்து கைப்பேசியில் மூலப் பதிவைத் தேடித் திறந்தேன். சாதிக் கட்டத்தில் பறையர் என்று இருந்தது. அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்படின்னா நாம உட்கார வேண்டிய வீடு இது இல்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு எழுந்தார். சேரிக்கு நடந்தோம். இளநீர் கொடுத்தவர்கள் யாரும் கூட வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். பலருக்கு 'மலபார்' என்று, சாதியே இல்லாத ஒன்றைப் போட்டு வைத்தான். போன இடத்தில் பெயரை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். கடல் தாண்டினால் சாதி கெடும் என்று பார்ப்பனன் பயந்தான். நமக்கு அதைவிட நல்ல சேதி ஏது? ஆனால் பட்டத்தை மாற்றிக்கொண்டதால் சாதி ஒழிந்துவிடவில்லை. 130 வருஷம் கழித்து ஒரு தேநீர்க் கடையில் "எந்தத் தெரு ஆளுங்க?" என்று கேட்கிறானே!

சேரியில் ஒரு கிழவி சொன்னாள்: "முனியன் பொண்ணா? முனியன் இல்லாத ஊடு எது தம்பி இங்க?" எல்லோரும் சிரித்தோம். அதற்கு மேல் ஒரு அடி நகர முடியவில்லை. அவர் கையில் தாள் இருந்தது. நம்ம கையில் ஒன்றும் இல்லை. மூன்று தலைமுறைக்கு மேல் அங்கே யாருக்கும் பெயர் தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்க பாட்டனுக்கு ஒரு அண்ணன் கப்பலேறிப் போனதாக ஆயா சொல்லும். ஆயா இருக்கும்போது அவர் பேரைக் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டியல் முழுக்க என் முன்னால் திறந்து கிடக்கிறது, தேடுவதற்குப் பெயர் இல்லை. கணக்கு எண்ணும் தெரியாது, யார் பேரில் என்றும் தெரியாது என்று வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது கவுன்ட்டருக்கு வெளியே நான் நிற்கிறேன்.

இது வெறும் ஏக்கம் இல்லை, தோழர்களே. செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு 1892இல் நமக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். அது யார் யார் கைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். காரணை நிலத்துக்காக ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தது 1994 அக்டோபர் 10. நிலத்தைக் கேட்டுப் போனால் அதிகாரி முதலில் கேட்பது என்ன? யார் பேரில் இருந்தது என்று. பாட்டன் பேர் தெரியாதவன் அங்கே வாயடைத்து நிற்கிறான்.

அதனால் கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு நோட்டு வாங்குங்கள். ஆயாவிடம் போய் உட்காருங்கள். நான்கு தலைமுறைப் பெயர் எழுதுங்கள். அம்மா வழியையும் கேளுங்கள். எந்தத் தெரு, எவன் நிலத்தில் உழைத்தார்கள், பர்மா, இலங்கை, மலேயா, பிஜி என்று யார் போனார்கள், போனவர் உடம்பில் தழும்பு இருந்ததா, எல்லாவற்றையும் எழுதுங்கள். கிழவி மறந்துவிட்டேன் என்றால் மறுநாளும் போங்கள்.

டர்பன் பெரியவர் ஊருக்குப் போனதும் வம்சாவளியில் அந்த விடுபட்ட கட்டத்தைச் சேர்த்துவிட்டதாக எழுதினார். மாதம் ஒரு முறை விசாரிக்கிறார், பெயர் ஏதாவது கிடைத்ததா என்று. பதில் நம்ம கையில்தான் இருக்கிறது.