நெடுந்தொடர் வகுத்த நங்கை
(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பண்டிதத் தொழிலில் இருக்கும் யாம் தொலைக்காட்சி நெடுந்தொடரைப் பற்றிப் பேசப் புகுந்தது சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். அழுகையும் சூழ்ச்சியும் மலிந்த வீண் பொழுதுபோக்கென்று அதனை இகழ்வோர் நம்முள் பலர். அவர்களும் இரவுணவை அதன் முன்னிருந்தே கொள்ளுகின்றனர் என்பது வேறு செய்தி, அது நிற்க. இவ்வகைக் கதையை முதன்முதல் வகுத்தோருள் தலையாயவர் எம்மைப்போல் ஆசிரியத் தொழில் செய்தவர் என்று அறிந்தபோது, அவர் வரலாற்றை இவ்வவையில் எடுத்துரைத்தல் தகுமென எண்ணினோம்.

அவர் பெயர் இர்னா பிலிப்ஸ். அமெரிக்காவில் சிக்காகோ நகரில், 1901-ஆம் ஆண்டில், யூதக் குடும்பமொன்றில் பத்து மக்களுள் கடைக்குட்டியாய்ப் பிறந்தார். நடிகையாக விரும்பினார், அதற்கேற்ற தோற்றப் பொலிவு இல்லையென்று கூறிவிட்டனர். ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் சில ஆண்டுகள் ஆசிரியராயிருந்து, பின்னர்ச் சிக்காகோவில் வானொலி நிலையமொன்றை அடைந்தார். அங்கே 1930-இல் 'பெயின்டட் டிரீம்ஸ்' என்னும் கதையைத் தொடங்கினார். ஒரு தாய், அவள் மக்கள், அவர்தம் கவலைகள், நாளொன்றுக்குக் கால் மணி நேரம், இவ்வளவே. எழுதியவரும் அவரே, தாயாய்ப் பேசி நடித்தவரும் அவரே. வீட்டு வேலைக்கிடையே பெண்கள் காது கொடுத்துக் கேட்கத்தக்கதாய் அஃது அமைந்தது. இத்தகைய பகற்கதைகளுக்குப் பின்னாளில் சோப்புக் கம்பெனிகள் பொருளுதவி செய்தமையால் 'சோப் ஆப்பரா' என்னும் பெயர் வழங்கலாயிற்று.

கதை செழித்தது, உடனே வழக்கும் வந்தது. அதனை நாடெங்கும் ஒலிபரப்பும் பெருநிறுவனத்திற்கு விற்க அம்மையார் விரும்பினார். நிலையத்தாரோ கதை தமதே என்றனர். நீதிமன்றத்திற் பல ஆண்டுகள் வாதாடியும் அம்மையார் தோற்றார். கூலிக்கு நெய்தவனுக்குத் துணி சொந்தமன்று என்பது உலக வழக்கு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு தாயைச் சொல்லாலே படைத்து, தன் குரலையும் அவளுக்கு ஈந்தவளிடமிருந்து அத்தாயையே பறித்துக்கொள்ளுதல் எவ்வாறு நியாயமாகும்? துணியை விட்டுவிட்டு வேறு துணி நெய்யலாம். மனத்திற் குடிபுகுந்த மாந்தரை அங்ஙனம் விட்டுவிட இயலுமோ?

அம்மையார் விடவுமில்லை. 1932-இலேயே, வழக்கின் முடிவுக்குக் காத்திராது, 'டுடேஸ் சில்ரன்' என்னும் புதுக்கதையைத் தொடங்கினார். பெயரை மாற்றினார், தாயை மாற்றவில்லை! இம்முறை உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, தாமே தயாரிப்பாளராகி, பிறரைக் கூலிக்கு அமர்த்தினார். 1940-களில் ஒரே காலத்தில் நான்கைந்து தொடர்கள் அவர் கையில் நடந்தன. அவர் எழுதுகோல் பிடித்து எழுதியவரல்லர். அறையில் உலாவிக்கொண்டே ஒவ்வொரு பாத்திரமாய்க் குரல் மாற்றிப் பேசுவார். செயலாளர் அதனை எழுதிக்கொள்வார்.

1937-இல் வானொலியில் அவர் தொடங்கிய 'கைடிங் லைட்' 1952-இல் தொலைக்காட்சிக்கு ஏறி, 2009 வரை, எழுபத்திரண்டு ஆண்டுகள் நடந்தது. 1956-இல் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' வந்தது. கால் மணி நேரமே வழக்கமாயிருந்த அக்காலத்தில் அரை மணி நேரம் வேண்டுமென்று நின்று பெற்றார். விரைவு வேண்டாம், இருவர் அமர்ந்து பேசட்டும், முகத்தை அருகிற் காட்டுங்கள் என்பதே அவர் முறை. 1963 நவம்பர் 22-ஆம் நாள், குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்ட செய்தி சி.பி.எஸ். தொலைக்காட்சியில் இக்கதையை இடைமறித்தே முதலில் வந்தது.

அவர்தம் மாணாக்கியைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். ஆக்னஸ் நிக்சன் என்னும் பெண்ணின் தந்தை பிணங்களுக்கு உடுத்தும் ஆடை தைப்பிக்கும் தொழிலினர். எழுத்தாசையை விட்டு மகள் தம் தொழிலுக்கு வரவேண்டுமென்பது அவர் விருப்பம். பிலிப்ஸ் அம்மையார் நல்ல புத்தி சொல்லித் திருப்பி அனுப்புவார் என்று நம்பி மகளை அவரிடம் அனுப்பினார். அம்மையார் அவள் எழுத்தைப் பார்த்தவுடனே வேலை கொடுத்துவிட்டார்! அந்நிக்சனே 1962-இல் 'கைடிங் லைட்' கதையில் கருப்பைப் புற்றுநோயைப் பற்றி எழுதினார். 'புற்றுநோய்' என்ற சொல்லும், 'கருப்பை' என்ற சொல்லும் கூடாதென்பது மேலிடத்தார் விதித்த நிபந்தனை. அச்சொற்களின்றியே, பெண்கள் பரிசோதனை செய்துகொள்ளுதல் எத்துணை இன்றியமையாதது என்பதைக் கதைப்போக்கில் உணர்த்தினார். மேடையேறிய மருத்துவர் சொல்லக் கூசியதைச் சமையலறைக்கே சென்று சொன்னது இகழப்பட்ட அந்நெடுந்தொடர்தான்.

பிலிப்ஸ் அம்மையாரின் இறுதிக்காலம் துயரமானது. 'கைடிங் லைட்' உரிமையை அவர் முன்னரே சோப்புக் கம்பெனிக்கு விற்றிருந்தார். 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' உரிமையும் அக்கம்பெனியினுடையதே. 1973-இல் கம்பெனியார் அவரைத் தலைமை எழுத்தாளர் வேலையினின்று நீக்கினர். அவ்வாண்டு டிசம்பரில் அவர் காலமானார். அதே 1973 மார்ச்சில், அவரிடம் உரையாடல் எழுதப் பழகிய வில்லியம் பெல், தம் மனைவியுடன் சேர்ந்து 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' என்னும் தொடரைத் தொடங்கியிருந்தார். அஃது இன்றும் நடைபெற்று வருகின்றது.