கியர் ஒயர்: தேர்வும் பராமரிப்பும்

ரோடு பைக்கின் கைப்பிடியில் இருக்கும் கியர் லீவரை விரலால் தட்டினால், பின்சக்கரத்தில் சங்கிலி ஒரு பல்சக்கரத்தை விட்டு அடுத்ததற்கு மாறுகிறது. லீவரையும் பின்சக்கரத்தருகே சங்கிலியை நகர்த்தும் டீரெய்லரையும் இணைப்பது 1.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒரு ஒயர். பின்னால் பத்துப் பல்சக்கரம் உள்ள, ஷிமானோ நிறுவனத்தின் கியர் பொருத்திய ரோடு பைக்கில் ஒரு தட்டுக்கு அது நகரும் தூரம் ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர்தான். அதில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலே சங்கிலி பல்லில் சரியாக உட்காராமல் கரகரக்கும்.

அவுட்டர் என்னும் உறைக்குள் இன்னர் என்னும் உள்கம்பியை ஓடவிட்டு, வளைவான பாதையிலும் இழுவிசையைக் கடத்தும் இந்த முறைக்கு எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் 1896-ல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். மொபெட், மோட்டார் சைக்கிள் ஒயர்கள் வழியாக ஓசூர் வட்டாரத்துக்கு இது நன்கு பழகிய பொருள். டிவிஎஸ் 50 மொபெட் 1980-ல் ஓசூரிலிருந்துதான் வெளிவந்தது. மாநில எல்லையைத் தாண்டினால் பெங்களூரு சாலையில் வரும் பொம்மசந்திராவில், 1985-ல் தொடங்கிய சுப்ரஜித் நிறுவனம் இருசக்கர வாகனங்களுக்கான கேபிள்களைத் தயாரிக்கிறது. கிளட்ச் ஒயர் மாற்றத் தெரிந்த மெக்கானிக் ஓசூரில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். அந்தக் கைத்திறன் ரோடு பைக்குக்கும் உதவும். ஆனால் அவுட்டரைத் தேர்ந்தெடுப்பதிலும் எண்ணெய் விடுவதிலும் மட்டும் மோட்டார் வண்டிப் பழக்கம் சைக்கிளுக்குப் பொருந்தாது.

முதலில் அவுட்டர். பிரேக் அவுட்டருக்குள் இரும்புப் பட்டை சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். ஒயரை இழுக்கும்போது அந்தச் சுருள் சற்றே நெருங்கும். கைப்பிடியைத் திருப்பினாலும் அதன் நீளம் சிறிது மாறும். பிரேக்குக்கு இதனால் குறையில்லை. ஒரு தட்டுக்கு ஒரு கியர் என்று அளந்து நகரும் முறை, 1984-ல் ஷிமானோவின் டியூரா ஏஸ் வரிசையில் வந்து பரவிய பிறகு, கியருக்கு நெருங்காத உறை தேவைப்பட்டது. அதனால் கியர் அவுட்டரில் மெல்லிய எஃகு இழைகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கும். பொதுவாகக் கியர் அவுட்டர் 4 மில்லிமீட்டர் தடிமன், பிரேக் அவுட்டர் 5 மில்லிமீட்டர். பிரேக் அவுட்டரைக் கியருக்குப் போட்டால் கியர் மட்டும்தான் கெடும். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடவே கூடாது: அழுத்திப் பிடிக்கும்போது இழைகள் உறையைப் பிளந்து வெளியே வந்துவிடலாம். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரிலிருந்து 500 மீட்டர் அளவிலுள்ள கிருஷ்ணகிரிக்கு வண்டி இறங்கும் வேகத்தில் அப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து.

இன்னரில் துத்தநாகம் பூசியது, துருப்பிடிக்காத எஃகு, வழுக்கும் பூச்சு கொண்டது என்று பல வகைகள் உண்டு. பூச்சு ஒயர் புதிதில் மிக இலகுவாக ஓடும். நாளாக ஆகப் பூச்சு உரிந்து, அந்தத் தூளே உறையை அடைக்கும். கல்குவாரித் தூசியும் டிப்பர் லாரி கிளப்பும் புழுதியும் நிறைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு, மேற்பரப்பு மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகு ஒயரே ஏற்றது. விலையும் கையைக் கடிக்காது. வாங்கும்போது ஒயரின் தலையைப் பார்க்க வேண்டும். கம்பனோலோ லீவருக்கான தலை, ஷிமானோ, ஸ்ராம் லீவர்களுக்கானதைவிடச் சிறியது.

அவுட்டரைச் சாதாரணக் கட்டிங் பிளேயரால் நறுக்கினால் முனை நசுங்கும். கேபிள் கட்டரால் வெட்டி, முனையை அரத்தால் சமமாக்கி, நசுங்கிய உள்குழாயை ஊசியால் திறந்து, மூடி போட வேண்டும். புது ஒயர் சில நாளில் தளர்வதற்குப் பெரும்பாலும் அந்த முனைகள் தம் இடத்தில் இறுகி அமர்வதே காரணம். பூட்டியதும் ஒயரைச் சில முறை பலமாக இழுத்துவிட்டு மறுபடி இறுக்கினால் அந்தத் தொல்லை குறையும்.

அடுத்தது எண்ணெய். கிளட்ச் ஒயருக்கு விடுவதுபோல எஞ்சின் ஆயிலை ஊற்றினால் புழுதி அதில் ஒட்டிப் பசையாகும். கியர் அவுட்டருக்குள் ஏற்கனவே வழுக்கும் பிளாஸ்டிக் குழாய் இருப்பதால், மெல்லிய எண்ணெய் ஓரிரு சொட்டே போதும். அழுக்கு அதிகம் சேர்வது டீரெய்லருக்குப் பின்னால் வளையும் அவுட்டரிலும், பெடல் அச்சுக்குக் கீழே ஒயர் திரும்பும் பிளாஸ்டிக் தடத்திலும்தான். மழையில் ஓட்டிய பிறகு இந்த இரண்டு இடங்களையும் துடைப்பது அவசியம்.

பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், டீரெய்லரில் ஒயர் நுழையும் இடத்திலுள்ள திருகை இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பலாம். இறங்கத் தயங்கினால் வலப்பக்கம். திருகிய பிறகும் இறங்கத் தயங்கினால் பெரும்பாலும் உராய்வுதான் காரணம். அப்போது ஒயரையும் அவுட்டரையும் சேர்த்து மாற்றுவதே வழி. திருகை அடிக்கடி திருப்ப வேண்டியிருந்தால், லீவருக்குள் தலையை ஒட்டி இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன என்று சந்தேகிக்க வேண்டும். அங்கே முழுவதும் அறுந்தால் தலை உள்ளே சிக்கி, லீவரையே கழற்ற நேரலாம். தினமும் ஓட்டுபவர் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

பின் ஒயர் அறுந்தால் சுருள்வில் சங்கிலியை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குத் தள்ளிவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு ஏறும் சாலையில் அந்தக் கியரை மிதிப்பது கடினம். டீரெய்லரில் ‘ஹெச்’ என்று குறித்த திருகை உள்ளே முடுக்கினால் சங்கிலி ஓரிரு பல்சக்கரம் மேலே ஏறி நிற்கும். முன்னால் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டால், பட்டறை இருக்கும் அடுத்த ஊர்வரை மெதுவாக ஏறிவிடலாம்.