மலிவான மின்சார வண்டி நம் மலைக்கு ஏற்குமா?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடம்பரம் எதுவுமில்லாத, விலை குறைந்த மின்சார வண்டி ஒன்றை நம்மவர்கள் வாங்கலாமா என்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். நாம் எஞ்சினியர் அல்லோம். ஆயினும் வட்டவளைக் கடைத்தெருவிலிருந்து மேல் டிவிசன் வரையுள்ள வளைவுகளைக் கால்நோக எண்ணியவர்கள். அந்த ஒரு தகுதியைக் கொண்டு பேசத் துணிகிறோம்.

இக்கேள்வி எங்கே பிறந்தது என்பது யாவரும் அறிந்ததே. 2022ஆம் ஆண்டில் பெற்றோல் நிலையத்தின் வாசலிலே இரவைக் கழித்தவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். ஆட்டோ ஓட்டிப் பிழைக்கும் நம் பையன்களுக்கு அந்த 5 லீற்றர் எத்தனை நாளைக்குக் காணும்? மின்சார வண்டி இருந்திருந்தால் என்ற ஏக்கம் அன்று பிறந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிடப்பட்டதும் அந்த ஏக்கம் கடைத்தெருவுக்கே வந்து சேர்ந்தது. தவணைக்குத் தருகிறோம் என்று கடுதாசியோடு வாசலுக்கு வருகிறார்கள். தாய்மாரின் காதும் கழுத்தும் அடகுக்கடைக்குப் போகின்றன. ஆகவே இது பொழுதுபோக்காகப் பேசி விடக்கூடிய விஷயமன்று. (அதே 2022இல், மார்ச் 31ஆம் திகதி, 13 மணி நேர மின்வெட்டையும் கண்டோம் என்பதை மின்சாரமே கதி என்போர் மறக்க வேண்டாம்.)

சில மாதங்களுக்கு முன் நம்மவர்களில் இருவர் அப்படிப்பட்ட ஸ்கூட்டர் ஒன்றை இரவல் வாங்கி மேல் டிவிசனுக்குப் புறப்பட்டோம். கம்பனியின் பெயர் வேண்டாம். சமதரையில் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று, மெச்சிக்கொண்டே போனோம். முதல் மேட்டில் முனகிற்று. இரண்டாவது வளைவில் பின்னாலிருந்தவர் இறங்கினார். மூன்றாவது வளைவில் ஓட்டியவரும் இறங்கினார். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. பற்றரி தீர்ந்துவிட்டது என்றே நினைத்தோம். பார்த்தால் பாதிக்கு மேல் இருந்தது. மோட்டார்தான் கையை வைக்க முடியாதபடி சுட்டது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயரும் ஏற்றம். 250 வாட் மோட்டார் ஒன்று, உராய்வு காற்று எதையும் கணக்கில் எடுக்காவிட்டாலும், இந்தச் சுமையை மணிக்கு நாலரைக் கிலோமீற்றர் வேகத்தில்தான் ஏற்றும். அது மனிதன் நடக்கும் வேகம். 1,000 வாட்டானால் 18 கிலோமீற்றர். ஓட்டுபவரும் மூன்று பேரும் ஏறிய முச்சக்கர வண்டி இதே மேட்டை 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறவேண்டுமானால் ஏறக்குறைய 4,000 வாட் இடைவிடாது வேண்டும். சிறிது நேரத்துக்கு அதிகம் கொடுக்கும் மோட்டார்கள் உண்டு. ஆனால் நம் மேடுகள் சிறிது நேரத்தில் முடிவதில்லையே! இந்தியாவில் பதிவே வேண்டாத வகுப்பில் விற்கும் வண்டிகளுக்கு வரம்பு 250 வாட், 25 கிலோமீற்றர் வேகம். அவை சமவெளிக்காரருக்கு நல்ல வண்டிகள், குறை சொல்வதற்கில்லை.

பற்றரியைப் பற்றி வீண் பயம் வேண்டாம். 200 கிலோவை 300 மீற்றர் உயரத்துக்குத் தூக்க முறைப்படி தேவைப்படுவது ஆறில் ஒரு யூனிற் மின்சாரம்; விரயத்தையும் சேர்த்தால் கால் யூனிற் என்க. ஒரு லீற்றர் பெற்றோலில் ஒன்பது யூனிற்றுக்குச் சமமான சக்தி அடங்கியிருந்தாலும், அதில் பெரும்பகுதியை எஞ்சின் வெப்பமாக வெளியே விட்டுவிடுகிறது. ஓட்டச் செலவில் மின்சார வண்டி ஜெயிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விலை குறைப்பதற்காக ஈயப் பற்றரி வைத்திருந்தால், சில நூறு தடவை சார்ஜ் செய்ததும் அது மூப்படைந்துவிடும். தவணை முடியுமுன் இன்னொரு பற்றரிக்குப் பணம் தேடவேண்டி வரும்.

ஏற்றத்தைவிட எமக்கு அதிகக் கவலை தருவது இறக்கம். பெற்றோல் வண்டியில் கியரைக் குறைத்தால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். மலிவான மின்சார வண்டிகள் பலவற்றில் அந்தப் பிடிப்புக் கிடையாது. பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. இறங்கும்போது பற்றரிக்கு மின்சாரம் திரும்பும் ஏற்பாடு உள்ள வண்டிகளுமுண்டு. ஆனால் மேலே வீட்டில் முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால், நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். பிடிப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் ஊர்களுள் ஒன்றிலே நின்று பேசுகிறோம்.

லயத்து வீட்டில் சார்ஜ் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கூட்டர் சார்ஜர் இஸ்திரிப் பெட்டியைவிடக் குறைந்த மின்சாரமே இழுக்கும். ஆனால் அது இரவெல்லாம் இழுக்கும். எர்த் இல்லாத பழைய வயரிங்கில், பிள்ளைகள் படுத்திருக்கும் அறையில், இருக்கிற ஒரே வாசலை அடைத்துக்கொண்டு வண்டியை நிறுத்திச் சார்ஜ் செய்யாதீர்கள். பற்றரி தீப்பற்றினால் வெளியே ஓட வழியிராது. நம் காசல்ரீ, மவுசாகலைத் தண்ணீர் நாட்டுக்கெல்லாம் மின்சாரமாகப் போனபோது, எத்தனையோ லயங்கள் பல பத்தாண்டுகள் குப்பி விளக்கில் கிடந்தன. பிந்தி வந்த அந்த மின்சாரம் நமக்கு ஆபத்தாக முடியக்கூடாது.

பெங்களூரில் 2001இல் வெளிவந்த ரேவா என்ற சிறு மின்சாரக் கார் இவ்விஷயத்தில் நல்ல பாடம். ஈயப் பற்றரி, இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு சிறுவருக்கும் இடம், ஆடம்பரம் குறைவு. லண்டனில் ஜீ-விஸ் என்ற பெயரில் விற்றது. நகருக்குள் நுழையும் கட்டணம் அதற்கு இல்லை என்பதால் அங்குள்ளோர் விரும்பி வாங்கினர். ஆனால் 2007இல் மோதல் பரிசோதனை செய்தபோது உள்ளிருப்பவருக்குப் பலத்த காயம் நேரும் என்று தெரியவந்தது. வானொலிப் பெட்டியைக் குறைத்தால் வண்டி எளிமையாகிறது. உடம்பின் உறுதியைக் குறைத்தாலோ நிலைமை வேறு.

ஆகவே எம் அபிப்பிராயம் இது: வலிய மோட்டாரும், இறக்கத்தில் பிடிக்கும் ஏற்பாடும், லித்தியம் பற்றரியும் இருந்து, மற்றதெல்லாம் இல்லாத வண்டியானால், தினமும் ஓட்டிப் பிழைப்பவர் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய்வர மட்டும் வேண்டுமென்றால், பஸ் இருக்கிறது. நகையை வீட்டில் வையுங்கள்.

வாங்கப் போகிறவர்கள், கடைக்காரர் தன் வாசலில் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்துத் திரும்பி விடாதீர்கள். இருவர் ஏறி, மழை பெய்த நாளில், மேட்டின் நடுவில் வண்டியை நிறுத்தி, மறுபடி புறப்படச் சொல்லுங்கள். அதே மேட்டில் இறங்கும்போது இருமுறை பிரேக் பிடித்துப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தையும், பற்றரிக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்பதையும் எழுத்தில் காணாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். தனியே போகத் தயங்குவோர் செயலாளரிடம் சொன்னால், நம்மில் இருவர் கூட வருவோம்.