பழைய ஸ்போர்ட்ஸ் காரும் யானைத் தீனியும்



'யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின்மீது ஆசை கொண்டவர்களும் தம்மைத் தாமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுவே. ஊரை விட்டு வந்து, மும்பையிலோ தில்லியிலோ பல ஆண்டுகள் உழைத்துச் சிறிது பணம் சேர்த்தவர், இளமையில் ஏங்கிய காரைச் சாதாரணக் காரின் விலைக்கே காணும்போது மனம் இளகுதல் இயல்பே. ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. காரின் விலை ஆண்டுதோறும் இறங்கலாம். பராமரிப்புச் செலவு அதனுடன் சேர்ந்து இறங்குவதில்லை. உதிரிப் பாகங்களும் அவற்றை மாற்றும் உழைப்பும், அந்தக் கார் புதிதாக இருந்த நாளின் தகுதிக்கு ஏற்பவே விலை கேட்கும்.

ஜெர்மனியின் போர்ஷே 944 என்னும் காரை எடுத்துக்கொள்வோம். 1982 முதல் 1991 வரை உற்பத்தியானது அது. துத்தநாகப் பூச்சுப் பெற்ற உடல் ஆதலால் துரு எளிதில் அண்டாது, எஞ்சினும் உறுதியானதே. ஆனால் அந்த எஞ்சினின் உயிர் ஒரு ரப்பர்ப் பட்டையில் தொங்குகிறது. டைமிங் பெல்ட் எனப்படும் அப்பட்டை அறுந்தால், வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். உரிய காலத்தில் பட்டையை மாற்றுவது சிறு செலவு. மாற்றாமல் விடுவதோ எஞ்சினையே பிரித்துக் கட்டும் பெருஞ்செலவு. மேலும், அதன் கியர்ப்பெட்டி பின்புறம் அமைந்திருப்பதால், முன்புறமுள்ள கிளச்சை மாற்றுவதற்குப் பின்பகுதியையும் கழற்ற வேண்டியிருக்கிறது. பாகத்தின் விலையினும் கூலி மிகுவது இவ்வாறுதான்.

இதற்கு மாறானது இங்கிலாந்தின் எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. எளிய எஞ்சின்; உதிரிப் பாகங்களும் இன்றளவும் புதிதாகக் கிடைக்கின்றன. அதன் பகையோ துரு. கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டங்கள் வெறும் அலங்காரம் அல்ல. காரின் உடலைத் தாங்குபவை அவையே. மேலே பளபளக்கும் வண்ணத்தைக் கண்டு மயங்கி, அடியில் அரித்துப்போனதைக் காணாது விட்டவர், வாங்கிய விலைக்கு மேலும் செலவிட நேரலாம். ஆகவே எந்தக் கார் நம்பத் தக்கது என்று கேட்பதைவிட, எந்தக் காருக்கு எது பலவீனம் என்று கேட்பதே அறிவுடைமை.

வேறொரு தவறான எண்ணமும் உண்டு. 'அதிகம் ஓடாத கார். ஆகவே புதிது போன்றது' என்பர். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது; ஆண்டுகளே தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2315 என்றிருந்தால், 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்பது பொருள். பூ அழியாத டயரும் பத்தாண்டு கடந்தால் நம்பத் தக்கதன்று. பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய எண்ணெய், மலைச்சாலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்து ஆவியாகுமாயின், பிரேக் மிதி காலடியில் வெறுமனே அமிழும். இங்கே போவது பணம் மட்டுமன்று, உயிரும் ஆகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவதில் சிக்கனம் கூடாது.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் சட்டத்தையும் கருத வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளே செல்லும்; பின்னர் சோதனைக்கு உட்பட்டுப் புதுப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து, வரியும் கட்ட வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கென 2021இல் தனி விதிகள் வந்தன. ஆயினும் அவ்வாறு பதிந்த காரை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாகாது.

எனவே, வாங்குமுன் நல்ல மெக்கானிக் ஒருவரைக் கொண்டு காரை உயர்த்தி அடிப்புறத்தைப் பாருங்கள். பழைய ரசீதுகளைக் கேளுங்கள். மின்னும் வண்ணத்தினும் ஒரு கட்டு ரசீது மேலானது. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், மூன்றில் ஒரு பங்கையேனும் முதலாண்டுச் செலவுக்கென ஒதுக்குங்கள். அவ்வாறு ஒதுக்க இயலாதாயின், அந்தக் கார் நமக்கு மலிவானதன்று. விலைச்சீட்டில் மட்டுமே மலிவானது. தீனிக்கு வழி செய்துகொண்டு யானையைக் கட்டியவருக்கோ, அதன்மேல் ஏறிச் செல்லும் இன்பம் நெடுங்காலம் நிலைக்கும்.